கதவைத் தட்டுவதற்கு முன்னும் பின்னும்: குழந்தைகள் நலப் பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கதவு திறந்தது. நான் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா கேட்டுவிட்டார்: "பிள்ளையைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்களா மேடம்?" அவர் கை தாழ்ப்பாளை விடவே இல்லை. பின்னால் ஏழு வயதுப் பெண் ஒருத்தி தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பாதி உயரம் இருந்தான் அவன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். நாம் போகிற எந்த வீட்டிலும், யாரும் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், அந்தப் பயம் உட்கார்ந்திருக்கும். உண்மையில் நம் நேரத்தில் பெரும்பகுதி, அந்த வீட்டையே குழந்தைக்குப் பத்திரமான இடமாக்கத் துணை நிற்பதில் போகிறது. குழந்தையைத் தனியாகவும் குடும்பத்தைத் தனியாகவும் பார்க்கிற சமூகப் பணியாளரால் இரண்டு பேருக்குமே உதவ முடியாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்த வீட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1874-இல் நியூயார்க்கில், வளர்த்தவர்களிடம் அடிபட்டுக் கிடந்த ஒரு சிறுமியைக் காப்பாற்ற, ஒரு தன்னார்வப் பெண் ஒவ்வொரு இடமாக ஏறி இறங்கினார். கடைசியில் கைகொடுத்தவர், விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க். குழந்தைகளுக்கென்று அப்படி ஓர் அமைப்பே அப்போது இல்லை. அதையடுத்துத்தான் அந்த நகரில் குழந்தைகளுக்கான பாதுகாப்புச் சங்கம் உருவானது. 1962-இல் ஹென்றி கெம்ப் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், குழந்தைகளின் எலும்பு முறிவுகள் எல்லாமே 'கீழே விழுந்ததால்' வந்தவை அல்ல என்று வெளிப்படையாக எழுதினார்கள். 1989-இல் ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை வந்தது.

அந்த உடன்படிக்கையில் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் படியுங்கள். பிரிவு 19, குழந்தையை வன்முறையிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் காக்கச் சொல்கிறது. பிரிவு 18, பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு அரசு உதவ வேண்டும் என்கிறது. முதலாவதை மட்டும் படித்தவர்கள் போலீஸ்காரர் மாதிரி நடந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: வந்த தகவலைப் பிரித்துப் பாருங்கள்

எங்களுக்கு வந்த தகவல் இது: "பிள்ளை வகுப்பில் தினமும் தூங்கிவிடுகிறாள். கையில் காயம் இருக்கிறது. வீட்டில் அடிக்கிறார்கள்." இதில் முதல் இரண்டும் ஒருவர் கண்ணால் பார்த்தவை. மூன்றாவது அவர் ஊகம். ஒரு தாளில் கோடு போட்டு, பார்த்தது ஒரு பக்கம், நினைத்தது மறுபக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள். தகவல் சொன்னவரிடமே கேளுங்கள்: எப்போது பார்த்தீர்கள், எத்தனை முறை, குழந்தை என்ன வார்த்தையில் சொன்னது?

அப்புறம் ஒரே கேள்வி: இன்றிரவு இந்தக் குழந்தை பத்திரமாக இருக்குமா? இல்லை என்று தோன்றினால் மற்றதெல்லாம் காத்திருக்கட்டும். மேற்பார்வையாளரிடம் உடனே பேசுங்கள், அன்றே போங்கள். கைக்குழந்தை, பேச வராத குழந்தை, மாற்றுத்திறனுள்ள குழந்தை என்றால் கூடுதல் அவசரம். அவர்களால் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

உடல்ரீதியான வன்முறை, பாலியல் வன்முறை, மனரீதியான வன்முறை, புறக்கணிப்பு என்று நான்கு வகையாகப் படித்திருப்பீர்கள். கேஸ்கள் அப்படித் தனித்தனியாக வருவதில்லை. அமெரிக்காவின் ஆண்டுக் கணக்குகளில் புறக்கணிப்புதான் எப்போதும் முதலிடத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான், ஏனென்றால் புறக்கணிப்பும் வறுமையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். மருந்து வாங்கப் பணமில்லாத வீடும், பணமிருந்தும் மருந்து வாங்காத வீடும் ஒன்றல்ல. முதல் வீட்டுக்குத் தேவை மருந்து. அங்கே போய்ப் பிள்ளை வளர்ப்பு பற்றி வகுப்பு எடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: முதல் சந்திப்பு

போவதற்கு முன் பழைய ஃபைலைப் படியுங்கள், ஆனால் அதை நம்பி முடிவோடு போகாதீர்கள். வன்முறை நடந்த வீடு என்று தெரிந்தால் தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

வாசலில் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: நான் யார், என்ன தகவல் வந்திருக்கிறது, இன்று என்ன செய்யப் போகிறேன். "சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்ற பொய் வேண்டாம். அது பத்து நிமிஷத்தில் உடையும், உடைந்த நம்பிக்கை பத்து மாதத்தில் ஒட்டாது. அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: "பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வரலைம்மா. பிள்ளை பத்திரமா இருக்காளான்னு தெரிஞ்சுக்க வந்திருக்கேன். கவலைப்படற மாதிரி ஏதாவது இருந்தா முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்." "கூட்டிட்டுப் போகவே மாட்டேன்" என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அந்த வாக்கு என் கையில் இல்லை.

உள்ளே போனதும் குழந்தை தூங்குகிற இடத்தைப் பார்க்கக் கேளுங்கள். அனுமதி கேட்டுப் பாருங்கள். வீடு கலைந்து கிடப்பதையும், எட்டுகிற உயரத்தில் மருந்தும் கத்தியும் கிடப்பதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். குழந்தை விழுந்தால் யாரிடம் ஓடுகிறது, யார் குரல் கேட்டால் அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். பேச வராத குழந்தையிடம் நமக்குக் கிடைக்கிற வாக்குமூலம் அதுதான்.

நான் பார்த்தது: பாய் ஒன்றுதான், ஆனால் துவைத்த விரிப்பு. கதவின் உட்பக்கம், ஏழு வயதுக் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஆணி அடித்துக் கட்டிய ஒரு கயிறு. எதற்கென்று நான் உடனே கேட்கவில்லை.

மூன்றாம் படி: குழந்தையோடு தனியாக

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2000-இல் லண்டனில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, உறவினர் வீட்டில் மாதக்கணக்கில் சித்திரவதைப்பட்டு இறந்துபோனாள். மருத்துவமனைகள், போலீஸ், சமூகப் பணித் துறை எல்லாரும் அவளைப் பார்த்திருந்தார்கள். லார்ட் லேமிங் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2003-இல் வந்தது. அவளுக்குப் பொறுப்பான பணியாளர் நான்கு முறை அவளைப் பார்த்தும், அவளோடு இருந்த மொத்த நேரம் அரை மணிகூட இல்லை என்று அதிலிருந்து தெரிகிறது. பெரியவர்களோடு பேசிவிட்டுக் கிளம்புவது எளிது. அவர்கள் உட்காரச் சொல்வார்கள், கேள்விக்குப் பதில் சொல்வார்கள். குழந்தை ஒரு மூலையில் இருக்கும். அந்த மூலைக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

தரையில் உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் கேள்வியே வேண்டாம், தாளும் வண்ணப் பென்சிலும் போதும். நியூசிலாந்தில் உருவான 'மூன்று வீடுகள்' என்ற முறையை நான் அதிகம் பயன்படுத்துகிறேன். தாளில் மூன்று வீடுகள் வரைய வேண்டும்: நல்லவற்றின் வீடு, கவலைகளின் வீடு, கனவுகளின் வீடு. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குழந்தை என்ன வேண்டுமானாலும் வரையலாம், எழுதலாம்.

நான் போன வீட்டின் ஏழு வயதுப் பெண், நல்லவற்றின் வீட்டில் அம்மாவையும் தம்பியையும் வரைந்தாள், சித்தியையும் சேர்த்தாள். கவலைகளின் வீட்டில் யாரும் இல்லை. ஒரு வட்டம், அதற்குள் இரண்டு முட்கள். கடிகாரம். சின்ன முள் ஒன்பதில் நின்றது.

"ஒன்பது மணிக்கு என்ன ஆகும்?"

"அம்மா வேலைக்குப் போவாங்க. நான் கயிற்றைக் கட்டிடுவேன். தம்பி அழுதா தூக்கி வெச்சுக்கிட்டே நடப்பேன்."

கையிலிருந்த காயம் கயிறு இழுத்த தழும்பு. வகுப்பில் தூக்கம் வந்ததற்கும் விடை கிடைத்துவிட்டது. அந்த வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் ஏழு வயதுக் குழந்தை ராத்திரி முழுக்க மூன்று வயதுக் குழந்தைக்குக் காவல் இருந்தாள். இதுவும் ஆபத்துதான். அடி இல்லை என்று தெரிந்த நிம்மதியில் ஃபைலை மூடியிருந்தால் அது என் தவறாகியிருக்கும்.

கேள்வி கேட்கும்போது பதிலை வாயில் ஊட்டாதீர்கள். "அப்பா அடிச்சாரா?" என்பதற்குப் பதில் "இந்தக் காயம் எப்படி வந்ததுன்னு சொல்றியா?" என்று கேளுங்கள். "ஏன்" என்ற கேள்வியைக் குறையுங்கள், அது குழந்தையின் காதில் குற்றச்சாட்டாக விழும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யவே செய்யாதீர்கள். "உன்னைப் பத்திரமா பார்த்துக்கணும்னா சில பேர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும். யார்கிட்டன்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பது போதும்.

பாலியல் வன்முறை பற்றிக் குழந்தை வாய்திறந்தால் முகம் மாறாமல் கேளுங்கள். நம்புகிறேன் என்று சொல்லுங்கள், உன் தப்பு இல்லை என்று சொல்லுங்கள். அது சொன்ன வார்த்தைகளை அப்படியே, மழலையோடு, எழுதி வையுங்கள். துருவிக் கேட்காதீர்கள். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அதே கதையை ஐந்து பேரிடம் ஐந்து முறை சொல்ல வைப்பது அந்தக் குழந்தைக்கு இன்னொரு கொடுமை.

நான்காம் படி: குடும்பத்தைச் சுற்றி யார் இருக்கிறார்கள்

ஆன் ஹார்ட்மன் என்ற சமூகப் பணிப் பேராசிரியர் 1970-களில் உருவாக்கிய ஒரு படம் இருக்கிறது. நடுவில் குடும்பம், சுற்றிலும் வட்டங்கள்: உறவினர், பள்ளி, வேலை, மருத்துவர், நண்பர்கள். உறவு வலுவாக இருந்தால் தடித்த கோடு, மெலிந்திருந்தால் புள்ளிக் கோடு, உரசல் இருந்தால் குறுக்கே வெட்டிய கோடு. நீங்களே அலுவலகத்தில் உட்கார்ந்து வரையாதீர்கள். பென்சிலை அம்மா கையில் கொடுங்கள். அவர் சித்திக்குப் புள்ளிக் கோடு போட்டார். மகள் அதே சித்தியை நல்லவற்றின் வீட்டில் வரைந்திருந்தாள். கேட்டபோது, ஒரு கடன் தகராறில் தங்கையோடு ஒரு வருஷமாகப் பேச்சில்லை என்றார். அந்தப் புள்ளிக் கோட்டில்தான் வழி இருந்தது.

அடுத்து மூன்று கேள்விகள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டர்னெல், ஸ்டீவ் எட்வர்ட்ஸ் இருவரும் 1990-களில் வளர்த்த முறை இது: எதைப் பற்றிக் கவலை? எது நன்றாக நடக்கிறது? என்ன நடக்க வேண்டும்? கூடவே ஓர் அளவுகோல். பூஜ்யம் என்றால் குழந்தைக்குக் கட்டாயம் தீங்கு நேரும், பத்து என்றால் கவலையே இல்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

அந்த அம்மா "நாலு" என்றார். "ஏன் எட்டு இல்லை?" என்றுதான் கேட்கத் தோன்றும். நான் கேட்டது: "ஏன் இரண்டு இல்லை?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கிளம்பும் முன் இரண்டு பேரையும் தூங்க வைத்துவிட்டுத்தான் போவதாகவும், இடைவேளையில் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து கதவைப் பார்க்கச் சொல்வதாகவும் சொன்னார். இரண்டு இல்லை, நாலு. அந்த இரண்டு புள்ளிகள் அவருடைய சொந்த முயற்சி. அதைக் கண்டு சொல்லாமல், மீதி ஆறைப் பற்றி மட்டும் பேசினால் எந்தத் தாயும் நம்மோடு சேர்ந்து நடக்க மாட்டார்.

அதற்காக நல்லதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. பெற்றோர் இனிமையாகப் பேசுகிறார்கள் என்பதால் குழந்தை பத்திரம் என்று ஆகிவிடாது. "அடுத்த வாரம் சரியாகிவிடும்" என்று மூன்றாவது முறை ஃபைலில் எழுதும்போது உங்கள் கை நிற்க வேண்டும்.

ஐந்தாம் படி: திட்டம்

"தாய் குழந்தைகளை நன்கு கவனித்துக்கொள்வார்" என்பது திட்டம் அல்ல. யார், எதை, எந்த நாளில், நடக்காவிட்டால் என்ன என்று இருக்க வேண்டும்.

நியூசிலாந்தில் 1989-இல் வந்த சட்டம், முடிவெடுக்கும் இடத்தில் குடும்பத்தையே உட்கார வைத்தது. மாவோரி மக்கள், தங்கள் பிள்ளைகளை அரசு தங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறது என்று எழுப்பிய குரலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அந்தச் சட்டப்படி நடக்கும் குடும்பக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி நடுவில் வருகிறது: அதிகாரிகள் தங்கள் கவலையைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். குடும்பம் தனியாகப் பேசித் திட்டம் போடும். உங்கள் ஊர்ச் சட்டத்தில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டாலும், வெளியே போய் நிற்பதை யாரும் தடுக்கப் போவதில்லை.

அந்த அம்மாவையும் சித்தியையும் பேச விட்டுவிட்டு நாங்கள் வெளியே நின்றோம். நாற்பது நிமிஷம். ஒரு கட்டத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது சித்தி கையில் தாள் இருந்தது: வாரத்தில் நான்கு இரவுகள் அவர் வந்து தங்குவார், மற்ற இரவுகளுக்குப் பகல் ஷிஃப்ட் கேட்க வேண்டும். அதற்கான கடிதத்தை எழுதிக் கொடுத்ததும், தம்பிக்குப் பகல்நேரக் காப்பகத்தில் இடம் வாங்கியதும்தான் என் பங்கு. ஷிஃப்ட் மாறுகிற வரை அந்த இரவுகளில் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து படுத்துக்கொண்டார்.

இங்கே புதியவர்கள் செய்கிற ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஆற்றுப்படுத்துதல், பெற்றோர் பயிற்சி, சிகிச்சை, குழுக் கூட்டம் என்று ஐந்தாறு இடங்களின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். இரண்டு வேலை பார்க்கிற ஒரு தாயால் அத்தனை இடத்துக்கும் போக முடியாது, போகாததை 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவார்கள். முதலில் அரிசிப் பானையைப் பாருங்கள் என்பார் என் பழைய மேற்பார்வையாளர். வாடகை, உதவித்தொகை, மருத்துவம், இரவில் ஓர் ஆள் துணை. இவை சரியானால்தான் மற்றவற்றுக்குக் காது திறக்கும். குடிப்பழக்கமோ மனநோயோ இருந்தால் முகவரி கொடுத்து நிறுத்திவிடாமல் முதல் முறை கூடவே போங்கள். கணவர் அடிக்கிற வீட்டில் "ஏன் இன்னும் இங்கேயே இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள். அந்தப் பெண்ணைத் தனியாகச் சந்தித்து, கிளம்புகிற நேரம்தான் மிக ஆபத்தான நேரமாக இருக்கலாம் என்பதை மனதில் வைத்துச் சேர்ந்து திட்டமிடுங்கள்.

ஆறாம் படி: பிரிக்கத்தான் வேண்டும் என்றால்

சில வீடுகளில் குழந்தை இருக்க முடியாது. அதை ஒப்புக்கொள்ளவும் துணிச்சல் வேண்டும். ஆனால் ஐ.நா. 2009-இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன: வறுமை மட்டுமே பிரிப்பதற்குக் காரணமாகக் கூடாது. உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது, அப்படிச் செய்ய வலுவான காரணம் இருந்தால் ஒழிய. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குழந்தைகள் இல்லத்தில் விடாமல் குடும்பச் சூழலில் வைக்க வேண்டும். முதலில் உறவினரைத் தேடுங்கள், அப்புறம் வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பம்.

இது வெறும் கருத்தல்ல. ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் 2000 வாக்கில் தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் மேலே வந்தார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் பொதுவாக இன்னும் நன்றாக வந்தார்கள். ஆக, தாமதிக்கிற ஒவ்வொரு மாதத்துக்கும் குழந்தைதான் விலை கொடுக்கிறது.

அந்த நாளில் குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். "கடைக்குப் போய்ட்டு வரலாம்" என்று கூட்டிப் போன ஒரு குழந்தை, அதன்பின் பல மாதம் எந்த வண்டியிலும் ஏற மறுத்ததை எனக்குத் தெரியும். எங்கே போகிறோம், அங்கே யார் இருப்பார்கள், அம்மாவை எந்தக் கிழமை பார்க்கலாம் என்று சொல்லுங்கள். பெற்றோரிடம் கேளுங்கள்: எந்தப் போர்வை இல்லாமல் தூங்காது, எந்த மருந்து, இருட்டுக்குப் பயமா? பொருட்களைக் குப்பைப் பையில் கட்டாதீர்கள், ஒரு நல்ல பை எடுத்துக்கொண்டு போங்கள். அம்மாவைப் பார்க்கும் நாள் செவ்வாய் என்று சொன்னால் அது செவ்வாயாகவே இருக்கட்டும்.

திரும்ப வீட்டுக்கு அனுப்பும் நாளிலிருந்தே வேலை மறுபடி தொடங்குகிறது. முதல் சில வாரங்கள் அடிக்கடி போங்கள். பிரிந்திருந்த குழந்தை பழைய குழந்தையாகத் திரும்புவதில்லை. பிடிவாதம், படுக்கையை நனைத்தல், ஒட்டிக்கொண்டே திரிதல் எல்லாம் வரும். இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

எழுதி வைப்பது

அன்றன்றைக்கே எழுதுங்கள். "வீடு சுகாதாரமற்று இருந்தது" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. "தொட்டிலில் நனைந்த துணி இருந்தது. குழந்தையின் தொடையில் சிவந்த தடிப்பு, உள்ளங்கை அளவு" என்று எழுதினால் மருத்துவருக்கும் நீதிமன்றத்துக்கும் உதவும். 'பொறுப்பற்ற தாய்' போன்ற அடைமொழிகள் வேண்டாம். இருபது வருஷம் கழித்து அந்தக் குழந்தை வளர்ந்து வந்து, என் ஃபைலைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். அவர் முன்னால் உட்கார்ந்து வாசிக்கக் கூசாத வரிகளாக எழுதுங்கள்.

உங்களைப் பற்றி

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மேற்பார்வையாளரிடம் கணக்கு ஒப்பிப்பதற்காக மட்டும் போகாதீர்கள். "அந்த வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். பயம் ஒரு தகவல். உங்களுக்குப் பயமாக இருக்கிற ஆளோடுதான் அந்தக் குழந்தை இரவில் தூங்குகிறது. எதைக் கேட்டாலும் மனசு அசையவில்லை என்ற நிலை வந்தால் அதையும் சொல்லுங்கள், அப்போது ஓய்வு தேவை.

கடைசிப் படி: விடைபெறுவது

கேஸை மூடுவதற்கு முன் மூன்று சந்திப்புகள் இருக்கும்போதே சொல்லத் தொடங்குங்கள். இந்தக் குழந்தைகளில் பலரை விட்டுப் பெரியவர்கள் சொல்லாமல் போயிருக்கிறார்கள். நீங்களும் அப்படிப் போகாதீர்கள்.

கடைசி முறை போனபோது அந்த அம்மா அளவுகோலில் "ஏழு" என்றார். பள்ளியில் தூக்கம் நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. கதவில் ஆணி இருந்தது, கயிறு இல்லை. மகள் புதிதாக மூன்று வீடுகள் வரைந்து வைத்திருந்தாள். கவலைகளின் வீட்டில் இந்தத் தடவை கடிகாரம் இல்லை, கணக்குப் பரீட்சை என்று எழுதியிருந்தாள்.

"அடுத்த செவ்வாய் வருவீங்களா அக்கா?" என்று கேட்டாள். வர மாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று விளக்கினேன். யாரைக் கூப்பிடலாம் என்று அவளையே ஒரு தாளில் எழுதச் சொன்னேன்: சித்தி, பக்கத்து வீட்டுப் பாட்டி, வகுப்பு டீச்சர், அலுவலக எண். தாளை எங்கே ஒட்டலாம் என்று கேட்டதும் கதவைக் காட்டினாள். அவளுக்கு எட்டுகிற உயரத்தில், அந்த ஆணியிலேயே குத்தி வைத்தோம்.